வசந்தத்தில் பூக்கும் மந்தாரை: அடையாளம் காண்பதும் வளர்ப்பதும்

வீட்டு முன்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு மரம் வைக்க வேண்டும், பெரிதாக வளர்ந்து கூரையை மறைக்கக் கூடாது, ஆனால் பூக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது செம்மந்தாரையைத்தான். பெரும்பாலும் 6 முதல் 10 மீட்டர் வரை உயரும் சின்ன மரம். குளிர்காலக் கடைசியில் இலைகளைப் பெருமளவு உதிர்த்துவிட்டு, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வெறும் கிளைகளில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துத் தள்ளும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு அதே பருவம் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வரும். விதையிலிருந்து சுலபமாக முளைக்கும். நல்ல வெயில் கிடைத்தால் மூன்று, நான்கு ஆண்டுகளில் முதல் பூவைக் காட்டிவிடும்.

இந்த மரத்தை வைத்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: "மரம் நன்றாக வளர்ந்திருக்கிறது, வசந்தத்தில் பூக்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்?" பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அவர்கள் வைத்திருப்பது செம்மந்தாரையே இல்லை, இலையுதிர் காலத்தில் பூக்கும் அதன் உறவுக்கார மரம். இல்லையென்றால், பூ வர வேண்டிய கிளையைப் பூ வருவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். ஆகவே மந்தாரை வளர்க்க நினைப்பவர் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. இது எந்த மந்தாரை? அது எப்போது, எந்தக் கிளையில் பூக்கும்? இவை தெரிந்துவிட்டால் மற்ற வேலைகள் தாமாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதலில் அடையாளம்

மந்தாரை இனத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. இலை நுனியில் பிளந்து இரண்டு மடல்களாக, மாட்டுக் குளம்பு பதிந்த தடம்போல இருக்கும். இரவில் இரு மடல்களும் நடு நரம்பை ஒட்டி மூடிக்கொள்ளும். அந்த இரட்டை மடலைப் பார்த்துத்தான் தாவரவியலில் இந்த இனத்துக்கு பாகினியா என்று பெயர் வைத்தார்கள். யோகான், காஸ்பர் என்ற பாகின் சகோதரர்கள் இருவருமே தாவரவியலாளர்கள், ஒட்டிப் பிறந்த இரு மடல்களும் அவர்களைக் குறிக்கின்றன.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். மந்தாரை என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கைந்து வகைகள் வழங்குகின்றன. எல்லாவற்றுக்கும் இலை ஏறக்குறைய ஒரே வடிவம். இலையை மட்டும் பார்த்து வகையைச் சொல்பவரை நம்பிக் கன்று வாங்காதீர்கள். செம்மந்தாரையில் பிளவு இலையின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கும், ஊதா மந்தாரையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே மரத்தில் பத்து இலையைப் பறித்துப் பார்த்தால் இரண்டு அளவும் கிடைக்கும். இலை துணைச் சாட்சிதான். தீர்ப்பு சொல்வது பூ.

பூ கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். புதிதாக விரிந்த ஒரு பூவை எடுத்து, நடுவிலிருந்து வளைந்து வெளியே வரும் நீண்ட தாள்களை எண்ணுங்கள். நுனியில் மகரந்தப்பை இருக்கும் தாள்களை மட்டும்தான் எண்ண வேண்டும். அடியில் மகரந்தப்பை இல்லாமல் குட்டையாக, நூல்போல நிற்பவை மலட்டுத் தாள்கள், அவற்றை விட்டுவிடுங்கள். நடுவில் பச்சையாக வளைந்து நிற்பது பின்னால் காயாகப்போகும் சூலகம், அதுவும் கணக்கில் வராது.

ஐந்து தாள்கள் இருந்து, இதழ்கள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருந்தால் அது செம்மந்தாரை, அதாவது பாகினியா வேரிகேட்டா. ஐந்து இதழ்களில் மேலே நிற்கும் ஒன்றில் மட்டும் அடர் ஊதா அல்லது சிவப்புக் கோடுகள் தீற்றியிருக்கும். மொட்டு வழவழப்பாக இருக்கும்.

மூன்று தாள்கள்தான் இருக்கின்றன, இதழ்கள் ஒடுங்கி ஒன்றையொன்று தொடாமல் இடைவெளிவிட்டு நிற்கின்றன என்றால் அது ஊதா மந்தாரை, பாகினியா பர்பூரியா. மொட்டில் நீளவாக்கில் நான்கைந்து விளிம்புகள் எழுந்திருக்கும். விரலால் உருட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது செப்டம்பர் முதல் நவம்பர், டிசம்பர் வரை, மரத்தில் இலை நிறைந்திருக்கும்போதே பூக்கும். அழகான மரம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வசந்தத்தில் வெறும் கிளையில் பூக்குவியலை எதிர்பார்த்து இதை நட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாற வேண்டியதுதான். நாற்றங்கால்களில் அதிகம் இடம் மாறுவது இந்த இரண்டும்தான்.

வெள்ளைப் பூவிலும் ஒரு குழப்பம் உண்டு. செம்மந்தாரையிலேயே முழு வெள்ளையாகப் பூக்கும் ரகம் இருக்கிறது. அதில் மேல் இதழில் மட்டும் மஞ்சளும் பச்சையுமான கோடு தெரியும். அதற்கும் தாள்கள் ஐந்துதான், அதுவும் மரம்தான். வெள்ளை மந்தாரை என்று பரவலாக விற்கப்படும் பாகினியா அக்குமினேட்டா வேறு. 2, 3 மீட்டரோடு நின்றுவிடும் புதர்ச் செடி, பத்துத் தாள்கள், தூய வெள்ளை இதழ்கள், வெயில் காலத்தில் நெடுநாள் விட்டுவிட்டுப் பூக்கும். மஞ்சள் மந்தாரையைத் தவறவிடவே முடியாது. இதழ்கள் முழுதாக விரியாமல் மணிபோலத் தொங்கும், மேல் இதழின் அடியில் பெரும்பாலும் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும், வாடும்போது மஞ்சள் மங்கிச் செம்மை ஏறும்.

சோழர்கள் சூடிய ஆத்தியும் இந்தக் குடும்பம்தான். அதன் இலை சிறியது, நீளத்தைவிட அகலம் அதிகம். பூவும் சின்னது, வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில் நீண்ட கொத்தாகத் தொங்கும். பட்டை கருத்துச் சொரசொரப்பாக இருக்கும். வறட்சிக்கு அஞ்சாத மரம். பெரிய பூ வேண்டுமென்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இந்தக் கட்டுரையின் மரம் அது இல்லை.

கடைசியாக ஒன்று, ஹாங்காங் மந்தாரை. 1880 வாக்கில் ஹாங்காங் தீவின் கடற்கரையோரம் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்டெடுத்த ஒற்றை மரத்திலிருந்து பதியம்போட்டும் ஒட்டுக்கட்டியும் உலகெங்கும் பரவியது. 1908இல் இதற்கு பாகினியா பிளேக்கியானா என்று பெயரிட்டார்கள். 1965இல் அந்த நகரத்தின் அடையாள மலரானது. 1997 முதல் அதன் கொடியில் இருப்பதும் இந்தப் பூதான். செம்மந்தாரையும் ஊதா மந்தாரையும் கலந்து பிறந்த கலப்பினம் என்பது பின்னால் மரபணு ஆய்வில் உறுதியானது. பூ கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் அகலம், அடர் ஊதாச் சிவப்பு. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இலையோடு பூக்கும். இதிலும் தாள்கள் பெரும்பாலும் ஐந்து என்பதால் செம்மந்தாரையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அடையாளம் எளிது: மரத்தடியிலோ கிளையிலோ காயே இருக்காது. இது மலட்டு மரம். யாராவது ஹாங்காங் மந்தாரை விதை என்று விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பூக்கும்போது மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாற்றங்காலில் கன்றாக இருக்கும்போது இலைதான் இருக்கும், பூ இருக்காது. இலையோ சரியாகச் சொல்லாது. அப்படியானால் எப்படி வாங்குவது? பூத்த கன்றையே பார்த்து வாங்குவது ஒரு வழி. ஒட்டுக்கன்றுகளும் பதியன்களும் சின்ன வயதிலேயே பூக்கும், வசந்தத்தில் போனால் கண்ணால் பார்த்துத் தாள்களை எண்ணி வாங்கலாம். பூ இல்லாத கன்று என்றால் தாய்மரம் எது, எந்த மாதம் பூக்கிறது என்று கேளுங்கள். "வருஷம் பூராவும் பூக்கும்" என்ற பதில் வந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

என்னைக் கேட்டால் விதைதான் நல்ல வழி. பிப்ரவரி, மார்ச்சில் உங்கள் பகுதியில் நன்றாகப் பூத்து நிற்கும் ஒரு செம்மந்தாரையைத் தேடிப் பிடியுங்கள். தாள்களை எண்ணி உறுதிசெய்துகொண்டு, மரத்துக்கு உரியவரிடம் சொல்லிவைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து விதைக்குப் போங்கள். உங்கள் மண்ணிலும் வானிலையிலும் நன்றாகப் பூக்கிற தாய்மரம் என்பது எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது.

காய் தட்டையாக, 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். பச்சையிலிருந்து பழுப்பாக மாறியதும், வெடிப்பதற்கு முன் பறிக்க வேண்டும். முற்றிய நெற்று வெயில் ஏறினால் சட்டென்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை எங்கோ எறிந்துவிடும். பறித்த நெற்றுகளைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பைக்குள்ளேயே படபடவென வெடித்துவிடும். ஒரு நெற்றில் பத்து முதல் பதினைந்து தட்டையான பழுப்பு விதைகள் இருக்கும். சுருங்கியதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்குங்கள்.

விதைப்பது

புது விதையை உடனே போடுங்கள். மந்தாரை விதைக்கு உறக்கம் கிடையாது, கொன்றை விதையைப்போல வெந்நீரோ, தேய்ப்போ, அமிலமோ எதுவும் தேவையில்லை. இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். வைத்திருக்க வைத்திருக்க முளைப்பு குறையும், அதனால் அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம்.

பை தேர்ந்தெடுக்கும்போது அகலத்தைவிட ஆழத்தைப் பாருங்கள். மந்தாரை முளைத்த சில வாரங்களிலேயே ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும். 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள நாற்றுப்பை வேண்டும், அடியில் வடிகால் துளைகள் இருக்க வேண்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுஉரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். ஒரு பைக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில். ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். இரண்டும் முளைத்தால் நலிந்ததைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேர் ஆடிவிடும்.

முதல் மாதம் பாதி நிழல் போதும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். நிழலிலேயே விட்டால் கன்று நெட்டையாகப் போய்த் தண்டு ஒல்லியாகிவிடும்.

நடுவது

கன்று 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நட்டுவிடலாம். பையிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வைத்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் ஐந்தாறு ஆண்டு கழித்துக் காற்றில் சாயும்போதுதான் விஷயம் தெரியும். கடையில் வாங்கும் கன்றாக இருந்தால் பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் வட்டமடித்திருந்தால் அந்தக் கன்றை விட்டுவிட்டு அதைவிடச் சின்னதாக இருப்பதை வாங்குங்கள். சின்னக் கன்று சீக்கிரம் பிடித்துக்கொண்டு பெரிதை முந்திவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டு நிபந்தனைகள். முதலாவது வெயில், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாக விழ வேண்டும். நிழலிலும் மரம் வளரும், இலை தளதளவென்று இருக்கும், பூ மட்டும் வராது. இரண்டாவது வடிகால். குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சில மணி நேரத்தில் வடிந்தால் சரி. மறுநாளும் நிற்கிறது என்றால் அங்கே மேடுகட்டித்தான் நட வேண்டும். சுவரிலிருந்து 4 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இரண்டு மந்தாரைகளுக்கு நடுவே 5 மீட்டர் விடுங்கள். கிளைகள் கொஞ்சம் முறியும் தன்மையுள்ளவை என்பதால் பலமாகக் காற்றடிக்கும் திறந்தவெளியைவிட ஏதேனும் மறைப்பு உள்ள இடம் மேல்.

குழி இரண்டடிக்கு இரண்டடி போதும். தோண்டிய மண்ணோடு ஒரு கூடை மட்கிய உரம் கலந்து, பையைக் கிழித்துக் கன்றை மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. சுற்றிலும் பாத்திகட்டித் தண்ணீர் விட்டு, காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. மழைக்காலத் தொடக்கம்தான் நடவுக்கு உகந்த நேரம். குளிர்ப்பனி உறையும் ஊர்களில் இருப்பவர்கள் பனி முடிந்தபின் நடலாம். வளர்ந்த மரம் லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும், இளங்கன்று தாங்காது.

தண்ணீரும் பட்டினியும்

முதல் இரண்டு ஆண்டுகளும் அதற்குப் பிறகும் ஒரே மாதிரித் தண்ணீர் விடுவதுதான் மந்தாரைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

முதல் ஆண்டில் வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக நனைய விடுங்கள். இரண்டாம் ஆண்டில் வாரம் ஒருமுறை. தினமும் ஒரு குவளை தெளிப்பதில் பயனில்லை, வேர் மேலேயே நின்றுவிடும். மூன்றாம் ஆண்டிலிருந்து முறையை மாற்ற வேண்டும். வளரும் பருவத்தில் மழை பொய்த்தால் மட்டும் தண்ணீர். குளிர்காலம் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

செம்மந்தாரையின் தாயகம் இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்குச் சீனம் வரை நீளும் பகுதி. அங்கே மழைக்குப் பின் குளிர்ச்சியான, வறண்ட சில மாதங்கள் வரும். அந்த வறட்சியும் குளிர்ச்சியும்தான் இலையை உதிர்த்துப் பூவுக்குத் தயாராகும்படி மரத்துக்குச் சொல்கின்றன. நாம் குளிர்காலத்திலும் பக்கத்துப் பூச்செடிகளுக்கு விடும் தண்ணீரை இதற்கும் விட்டால் மரம் இலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். டிசம்பர், ஜனவரியில் இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஏராளம். அது நோயே இல்லை, விட்டுவிடுங்கள். ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஊர்களில் இந்த வறண்ட இடைவெளியே கிடைக்காது. அங்கே செம்மந்தாரை குறைவாகத்தான் பூக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஊதா மந்தாரையோ ஹாங்காங் மந்தாரையோ வைப்பது புத்திசாலித்தனம்.

உரம் கொஞ்சமாக

மந்தாரை அவரைக் குடும்பத்து மரம். அதனால் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேமித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கிளை இனத்துக்கு அந்த வேர்முடிச்சு கிடையாது. எனவே உரம் வேண்டும், ஆனால் அளவோடு. மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறை மட்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ இரண்டு கூடை, கிளைகள் பரவியிருக்கும் விளிம்புக்குக் கீழே வட்டமாகப் போட்டுக் கொத்திவிட்டால் போதும். யூரியா வேண்டாம். இலை பெருகும், பூ குறையும், இளந்தளிருக்கு அசுவினியும் கூடவே வரும்.

கவாத்துக்கு ஒரே ஒரு நேரம்தான்

இந்தப் பகுதியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். செம்மந்தாரை சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளில்தான் இந்த வசந்தத்தில் பூக்கும். மழைக்காலத்தில் வளர்ந்து நீண்ட அந்த இளங்கிளைகள்தான் பிப்ரவரியில் மொட்டு வைக்கும். நவம்பரிலோ டிசம்பரிலோ, மரம் அடர்த்தியாக இருக்கிறதே என்று ஒழுங்குபடுத்தினால் வரப்போகும் பூவையெல்லாம் நம் கையாலேயே வெட்டிப்போட்டதாக ஆகும். வெட்ட வேண்டிய நேரம் பூ முடிந்த உடனே, கடைசிப் பூ உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்துக்குள். அப்போது வெட்டினால் புதுக்கிளை வளர்ந்து முற்ற முழுப் பருவமும் இருக்கும், அடுத்த வசந்தத்துக்கு மரம் தயாராகிவிடும்.

(ஊதா மந்தாரை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது அதே ஆண்டில் வளர்ந்த கிளை நுனியில் பூக்கும். குளிர்காலப் பூ ஓய்ந்தபின், புதுத்தளிர் எழும் முன்பு வெட்ட வேண்டும். எந்த மரம் என்று தெரியாமல் கத்தரியை எடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.)

முதல் மூன்று ஆண்டு வெட்டும் வேலை உருவத்துக்காக. செம்மந்தாரை தானாக விட்டால் அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைத்துப் புதராகிவிடும். மரமாக வேண்டுமென்றால் நேராகவும் வலுவாகவும் உள்ள ஒரு தண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடியில் துளிர்க்கும் போத்துகளை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளிவிடலாம். தண்டு ஆளுயரம் தாண்டியதும் மேலே மூன்று நான்கு கிளைகளைப் பல திசைகளில் விரிய விடுங்கள். ஒரே இடத்தில் கூர்ங்கோணமாகப் பிரியும் இரட்டைக் கிளையில் ஒன்றை நீக்கிவிடுங்கள், பின்னாளில் காற்றில் பிளப்பது அந்த இடம்தான்.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பெரிய வேலை இல்லை. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, அவ்வளவுதான். ஒரே தடவையில் மரத்தின் கால் பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மொட்டையடித்தால் ஈர்க்குப்போல நேரே எழும் போத்துகள்தான் கிளம்பும்.

நோயும் குறையும்

புதுத்தளிர் மட்டும் வெளிறி, நரம்புகள் பச்சையாகவே நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இது வரும். மந்தாரைக்குப் பிடித்தது சற்றே அமிலத்தன்மை உள்ள மண். மட்கிய உரத்தைக் கூட்டுங்கள், கட்டடக் காரை, சுண்ணாம்பு கொட்டிய இடமாக இருந்தால் அதை அகற்றுங்கள், அவசரத்துக்கு இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளிக்கலாம். முதிர்ந்த இலை, தளிர் எல்லாமே சேர்ந்து மஞ்சளாகி மண்ணும் சொதசொதவென்று இருந்தால் நோய் இலையில் இல்லை, வேர் மூச்சுமுட்டுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள்.

அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி மூன்றும் வரும். கன்றாக இருக்கும்போதுதான் கவனிக்க வேண்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வளர்ந்த மரத்தில் இவை பெரிய சேதம் செய்வதில்லை.

பூக்காத மரத்தை எப்படி விசாரிப்பது

உங்களிடம் ஏற்கெனவே ஒரு மந்தாரை இருந்து பூக்கவில்லை என்றால் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். வயது நான்கைத் தாண்டிவிட்டதா? இல்லையென்றால் பொறுங்கள். தாண்டியிருந்தால், வேறு மாதத்தில் நாலு பூவாவது வந்ததா? செப்டம்பர் வாக்கில் வந்திருந்தால் அது ஊதா மந்தாரை, அதைத் திருத்த ஒன்றுமில்லை, அதன் பருவத்தில் ரசியுங்கள். எந்த மாதத்திலும் பூ இல்லையென்றால் வெயிலைப் பாருங்கள். நட்டபோது இருந்த வெயில் பக்கத்து மரம் வளர்ந்தபின் இருக்காது. வெயில் சரி என்றால் சென்ற ஆண்டு எப்போது வெட்டினீர்கள் என்று யோசியுங்கள். அதுவும் சரி என்றால் குளிர்காலத் தண்ணீர். பெரும்பாலும் இந்த ஐந்து கேள்விக்குள் காரணம் அகப்பட்டுவிடும்.

தொட்டியில் வளர்க்க நினைப்பவர்கள்

செம்மந்தாரையைத் தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டு வைத்திருக்கலாம், அதற்குமேல் ஆணிவேர் இடம் கேட்கும். மாடியிலோ பால்கனியிலோ வைப்பவர்களுக்கு வெள்ளை மந்தாரைதான் பொருத்தம். 40, 45 சென்டிமீட்டர் அகலமான தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பூக்கும். வசந்தத்தில் வெறும் கிளை முழுக்கப் பூ என்ற காட்சி அதில் கிடைக்காது. ஆனால் பூ இன்னும் நீண்ட காலம் வரும்.

காயை என்ன செய்வது

பூத்த மரம் காய்த்துக் குலுங்கும். விதை தேவையில்லையென்றால் பச்சைக் காயாக இருக்கும்போதே எட்டிய வரை பறித்துவிடுங்கள். பூ முடிந்து கவாத்து செய்யும்போதே பாதி வேலை முடிந்துவிடும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. செம்மந்தாரை தன் தாயகத்துக்கு வெளியே சில இடங்களில் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் இதை ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் களையாகப் பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்கள் நடும் முன் உள்ளூர் விதிகளைப் பார்த்துவிட்டு, காயே பிடிக்காத ஹாங்காங் மந்தாரையைத் தேர்ந்தெடுங்கள்.

விதை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை ரகத்தின் விதையைப் போட்டால் வெள்ளையே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் இளஞ்சிவப்பு மரம் இருந்து தேனீ இரண்டுக்கும் போய்வந்திருந்தால் கன்றுகள் கலந்து வரலாம். நிறம் மாறாமல் வேண்டுமென்றால் விண்பதியம் போடுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் பென்சில் தடிமனுள்ள கிளையில் 2, 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தேங்காய் நார்க்கழிவை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். வேரூக்கி கிடைத்தால் உரித்த இடத்தின் மேல்விளிம்பில் தடவுங்கள். இரண்டு மாதம் வாக்கில் தாளுக்குள் வேர் தெரியும். வெள்ளையாக இருக்கும் வேர் கொஞ்சம் பழுப்பேறும் வரை பொறுத்து, கட்டுக்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்து, முதல் மாதம் நிழலில் வைத்திருங்கள். பதியன் கன்றுக்கு ஆணிவேர் இருக்காது என்பதால், நிலத்தில் நட்டபின் இரண்டு ஆண்டுகளாவது ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டிவைக்க வேண்டும்.